மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு கேமரா தூக்கலாமா?



இந்த மாதப் பாடம் கொஞ்சம் வித்தியாசமானது. வழக்கமாக இந்தப் பக்கத்தில் கறவை மாடு, காப்பீடு, பதிவேடு எழுதுவது என்றுதான் படிப்பீர்கள். இந்த முறை வனவிலங்கு போட்டோ எடுக்கிற தொழிலைப் பற்றிப் பார்க்கப் போகிறோம். "நமக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சம்பந்தம் இருக்கிறது.

நம் குழுக்கள் ஆரம்பித்த காலத்தில் உள்கடன் எதற்கு வாங்கினோம்? பிள்ளைகள் பள்ளிக்கூடக் கட்டணம், நோட்டுப் புத்தகம், கல்லூரி சேர்க்கை. அந்தப் பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டார்கள். இப்போது கூட்டங்களுக்குப் போனால் புதுசா ஒரு கேள்வி வருது. "எம் பொண்ணு இருக்கிற வேலையை விட்டுடறேங்கிறா, என்ன பண்றது?" ஒருத்தி இயற்கை விவசாயம் பண்ணணும்கிறாள், ஒருத்தி அழகு நிலையம் வைக்கணும்கிறாள், ஒருத்தி கேமராவைத் தூக்கிட்டு காட்டுக்குப் போகணும்கிறாள். முதல் இரண்டையும் கேட்டால் யாரும் சிரிப்பதில்லை. மூன்றாவதைக் கேட்டால் சிரிக்கிறோம். அதனால்தான் அதையே பாடத்துக்கு எடுத்துக்கொண்டேன்.

வேலையை விடுவது அந்தப் பெண் ஒருத்தியின் ஆசை மட்டும் இல்லை. வீட்டுக்கு வருகிற வருமானத்தில் ஒரு பங்கு நின்று போகிறது. கட்ட வேண்டிய தவணை நிற்பதில்லை. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

தேனிப் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர்

தேனிக்குப் பக்கத்தில் வெங்கடாசலபுரம் என்று ஒரு ஊர். அங்கே பிறந்தவர் ராதிகா ராமசாமி. கம்ப்யூட்டர் பொறியியல் படித்தார், அதன் மேல் எம்.பி.ஏ. படித்தார், சாஃப்ட்வேர் என்ஜினியராகப் பல வருஷம் வேலை பார்த்தார். நம் ஊர் அம்மாக்கள் எல்லோரும் மகளுக்கு வேண்டும் என்று கும்பிடுகிற வேலை. இன்றைக்கு அவரை யாரும் என்ஜினியர் என்று அறிமுகப்படுத்துவதில்லை. இந்திய அளவில் பெயர் எடுத்த முதல் பெண் வனவிலங்குப் புகைப்படக் கலைஞர்களில் ஒருவர் என்றுதான் சொல்கிறார்கள்.

அவர் கைக்கு கேமரா வந்தது அவருடைய மாமா மூலமாக. முதலில் எடுத்தது புலியும் இல்லை, யானையும் இல்லை. மரம், பூ. டில்லியில் வசித்த காலத்தில், 2003-ல், ராஜஸ்தானில் பரத்பூர் என்ற ஊரில் இருக்கிற கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குப் போனார். அது நம் வேடந்தாங்கல் மாதிரி, ஆனால் பல மடங்கு பெரிய நீர்ப்பறவைப் பூங்கா. அங்கேதான் முதல் முதலாகப் பறவைகளைப் படம் எடுத்தார். அதிலிருந்து பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நாம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். டில்லியை ஒட்டி யமுனைக் கரையில் ஓக்லா என்று ஒரு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பெரிய காடு கிடையாது, நகரத்தை ஒட்டிய நீர்நிலை. அங்கே திரும்பத் திரும்பப் போனார். எந்தப் பறவை எந்த நேரத்தில் வருது, எங்கே உட்காருது, பறக்கிறதுக்கு முன்னாடி உடம்பை எப்படி வைக்குது என்று பார்த்துப் பார்த்துப் படித்தார். மாடு வளர்க்கிற நம் அக்காமார்களுக்கு இது நன்றாகப் புரியும். மாடு படுக்கப் போகுதா, சினைக்கு வந்திருக்கா என்று அது நிற்கிற நிலையைப் பார்த்தே சொல்கிறீர்கள் இல்லையா? அதே கண்தான். கேமராவின் பட்டனை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். அந்தக் கண்ணுக்கு வருஷக்கணக்கு ஆகும்.

பிறகு நம் நாட்டின் தேசியப் பூங்காக்கள், ஆப்பிரிக்காவில் கென்யா, தான்சானியா என்று போனார். 2010-ல் பறவைகளைப் படம் எடுப்பது பற்றி ஒரு புத்தகம், 2014-ல் தன் சிறந்த வனவிலங்குப் படங்களைத் தொகுத்து இன்னொரு புத்தகம் கொண்டுவந்தார். புதியவர்களுக்குப் பயிற்சி வகுப்பும் நடத்துகிறார். டில்லியை விட்டு வந்து சென்னையில் குடியிருக்கிறார்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பூவில் ஆரம்பித்தவர் ஒரே நாளில் காட்டுக்குத் தாவவில்லை. ஆர்வம், பிறகு பயிற்சி, பிறகு பெயர், பிறகு வருமானம் என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. கையில் ஒரு பட்டமும் சம்பளம் வாங்கிய அனுபவமும் இருந்தது. டிவியில் ஐந்து நிமிஷம் பேட்டி பார்த்துவிட்டு "அவங்க விட்டாங்க, நானும் விடறேன்" என்று சொல்கிற பிள்ளைக்கு அந்த நடு வருஷங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இன்னொருவர், இன்னும் பழைய காலம்

மா. கிருஷ்ணன் என்ற பெயரை மூத்தவர்கள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். "பத்மாவதி சரித்திரம்" நாவல் எழுதிய அ. மாதவையாவின் மகன். தாவரவியலும் சட்டமும் படித்தவர். இன்றைய கர்நாடகத்தில் இருக்கிற சண்டூர் அப்போது ஒரு குட்டி சமஸ்தானம். 1940-களில் அங்கே வேலைக்குப் போனார். பள்ளி ஆசிரியர், நீதிபதி, ராஜாவின் அரசியல் செயலாளர் என்று பல பொறுப்புகள் பார்த்தார். 1949-ல் அந்த சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அதன் பிறகு சென்னைக்குத் திரும்பினார். மாதச் சம்பளம் என்ற பேச்சுக்கே இடமில்லாத வாழ்க்கை அப்போது ஆரம்பித்தது. எழுதுவது, வரைவது, காட்டில் படம் எடுப்பது.

எதை நம்பி இறங்கினார் என்று கேட்டால், எழுத்தை நம்பி. 1950-ல் ஸ்டேட்ஸ்மன் என்ற கல்கத்தா பத்திரிகையில் இயற்கையைப் பற்றி ஒரு பத்தி எழுத ஆரம்பித்தார். 1996-ல் சாகிற வரைக்கும் எழுதினார். 46 வருஷம்! நம் குழுவில் சேமிப்பு கட்டுகிற மாதிரி, தேதி தவறாமல். புலியையும் யானையையும் பற்றி மட்டும் எழுதவில்லை. வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லி, அணில், காக்கா எல்லாம் அவருக்கு எழுதத் தக்க விஷயம்தான். தமிழிலும் எழுதினார்.

படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. வெவ்வேறு உதிரிப் பாகங்களைத் தானே சேர்த்துக் கட்டிய ஒரு பெரிய கேமராவை வைத்துக்கொண்டு காடுகளில் நடந்தார். அதற்கு "சூப்பர் பாண்டரோசா" என்று பெயர் வேறு வைத்திருந்தார். புதுசா வாங்க லட்சக்கணக்கில் கடன் கேட்கிற பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லுங்கள். 1968-ல் ஜவஹர்லால் நேரு ஆய்வு நிதி கிடைத்தது, 1970-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கணக்குப் பாருங்கள், வேலையை விட்டு ஏறத்தாழ இருபது வருஷத்துக்குப் பிறகு. அந்த இருபது வருஷமும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. வருமானம் குறைந்த வீட்டில் செலவைச் சுருக்குகிற வேலை பெரும்பாலும் யார் தலையில் விழும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாதனையாளர்களைப் பற்றிய கட்டுரைகளில் அந்தப் பக்கம் வருவதே இல்லை.

பணம் எங்கிருந்து வரும்?

நேராகவே சொல்லிவிடுகிறேன். வனவிலங்குப் படத்தை மட்டும் விற்றுப் பிழைக்கிறவர்கள் மிகக் குறைவு. எல்லார் கையிலும் செல்போன் கேமரா வந்தாச்சு, நல்ல கேமரா வைத்திருப்பவர்களும் ஆயிரக்கணக்கில். இன்டர்நெட்டில் படம் இலவசமாகவே கொட்டிக் கிடக்கிறது. ஒரு பத்திரிகைக்கு ஒரு படம் கொடுத்தால் வருகிற தொகை, அந்தப் படத்துக்காகப் போய்வந்த பஸ் கட்டணத்துக்கே சில நேரம் பத்தாது.

அப்படியானால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள்? பல இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். ஆர்வமுள்ளவர்களைக் குழுவாகக் காட்டுக்கு அழைத்துப் போய் வழிகாட்டுகிறார்கள். காலண்டருக்கும் கம்பெனிகளின் ஆண்டறிக்கைக்கும் படம் கொடுக்கிறார்கள். தொண்டு நிறுவனங்களுக்குப் படத்தொகுப்பு செய்து தருகிறார்கள். புத்தகம் போடுகிறார்கள். நிறைய பேர் முகூர்த்த மாதங்களில் கல்யாணம், காதுகுத்து எடுத்துவிட்டு, மற்ற நாளில் காட்டுக்குப் போகிறார்கள். இது கௌரவக் குறைச்சல் என்று சில இளைஞர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம்ம அக்காமார்கள் ஒரு மாடு, கொஞ்சம் தையல், நூறு நாள் வேலை என்று மூன்றையும் சேர்த்துத்தானே குடும்பத்தை ஓட்டுகிறார்கள்? அதே வித்தைதான் இங்கேயும்.

போட்டிப் பரிசுகளும் உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துகிற வனவிலங்குப் புகைப்படப் போட்டி 1965-ல் தொடங்கியது, உலக அளவில் பெரிய பெயர். 2020-ல் மும்பை பக்கத்து பன்வேலைச் சேர்ந்த ஐஸ்வர்யா ஸ்ரீதர் என்ற இளம்பெண்ணின் படத்துக்கு அதில் பாராட்டுப் பரிசு கிடைத்தது. ராத்திரியில் ஒரு மரம் முழுக்க மின்மினிப் பூச்சி மின்னுகிற படம். பார்த்தால் கார்த்திகை தீபம் மாதிரி இருக்கும். அந்தப் போட்டிக்குப் பெரியவர்கள் கட்டணம் கட்ட வேண்டும். 17 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பரிசை நம்பி வேலையை விடுவது லாட்டரிச் சீட்டை நம்பிக் கடன் வாங்குகிற மாதிரி.

ஒரு குழுவில் நடந்த பேச்சு

நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில் (ஊர் பெயர் வேண்டாம்) ஓர் உறுப்பினர் 80,000 ரூபாய் கடன் கேட்டார். மகள் டவுனில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். சம்பளம் 22,000. வேலையை விட்டுவிட்டு வனவிலங்கு போட்டோகிராபர் ஆகப் போகிறாள், கேமராவும் லென்சும் வாங்க வேண்டும். கூட்டத்தில் நானும் இருந்தேன்.

முதலில் சிரிப்பு. பிறகு "பொம்பளைப் பிள்ளை காட்டுக்குள்ள போய் நிக்கிறதா?" "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல என்ன வேலைன்னு கேட்டா என்ன சொல்லுவே?" என்று ஆளாளுக்குக் கேள்வி. அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது குழுவின் பிரதிநிதி ஒரு விஷயத்தை எடுத்தார். "போன வருஷம் மகனுக்கு ஆட்டோ வாங்கக் கடன் கேட்டாங்க. அவன் ராத்திரியில எங்கே சுத்துவான்னு யாராவது கேட்டோமா? கடனைத் திருப்புவானான்னு மட்டும்தானே கேட்டோம்? இதுக்கும் அதையே கேட்போம்." கூட்டம் அமைதியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் உருப்படியாகக் கணக்குப் போட்டோம். அந்தப் பெண்ணையும் வரச் சொல்லி, அவளை வைத்துக்கொண்டே போட்டது. நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

பழைய கேமரா 35,000. தூரத்தில் இருக்கிற பறவையை இழுத்துக் காட்டுகிற 150–600 மி.மீ. லென்ஸ் பழையதாகவே 60,000. முக்காலி, மெமரி கார்டு, மழை படாத பை எல்லாம் சேர்த்து 10,000. ஆக, பொருளுக்கு மட்டும் 1,05,000. (புதுசாக, பெரிய ஆட்கள் வைத்திருக்கிற மாதிரி 600 மி.மீ. லென்ஸ் வாங்கப் போனால் அது ஒன்றே பத்து லட்சத்தைத் தாண்டும். அதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.)

அடுத்தது, அவள் சம்பளம் எங்கே போகிறது? வீட்டுக்கு 8,000. படிப்புக்கு வாங்கிய பழைய கடனுக்குத் தவணை 3,500. அவளுடைய பஸ், சாப்பாடு, துணிமணி, போன் 6,000. மொத்தம் 17,500. வேலையை விட்டாலும் இந்தச் செலவு நிற்காது. புதுத் தொழில் காலூன்றுகிற வரைக்கும் குறைந்தது ஆறு மாதத்துக்காவது கையில் வேண்டும் என்றால் 1,05,000. ஒரு பயணத்துக்கு 1,500 வீதம் மாதம் நாலு பயணம் என்று வைத்தால் ஆறு மாதத்துக்கு 36,000.

கூட்டினால் 2,46,000 ரூபாய். கேட்ட கடன் 80,000. மீதி எங்கிருந்து வரும் என்று கேட்டபோது அந்தப் பெண்ணுக்கே பதில் தெரியவில்லை. அம்மா மட்டும் மெதுவாகச் சொன்னார், "என் நகை இருக்கு." எனக்கு அந்த இடத்தில்தான் வயிற்றைக் கலக்கியது. ஆறு மாதத்தில் வருமானம் வரும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? வராவிட்டால் நகையும் போகும், வேலையும் போயிருக்கும், குழுக் கடனும் நிற்கும்.

ஒரு மணி நேரம் பேசி, குழு இப்படித் தீர்மானம் எழுதியது. 80,000 இல்லை, 30,000 கடன். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, 20 தவணை. அசல் மாதம் 1,500, முதல் மாத வட்டி 300. பழைய கேமராவும் சின்ன லென்ஸ் ஒன்றும் வாங்கட்டும். பெரிய லென்ஸ் தேவைப்படுகிற நாளைக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கட்டும். பெரிய ஊர்களில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. வேலையை இப்போது விடக்கூடாது. பயணச் செலவு, படத்தால் வந்த வருமானம் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, ஒரு வருஷம் கழித்து அதே கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். நகையைத் தொடக்கூடாது.

22,000-ல் 17,500-ம் 1,800-ம் போனால் மீதி 2,700. மாதம் ஒரு வெளியூர்ப் பயணம்தான் தேறும். அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிப் போச்சு. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். நாலு மாதம் ஆகிறது. தவணை சரியாக வருகிறது. நோட்டில் வரவுப் பக்கத்தில் 2,500 ரூபாய், ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா எடுத்ததற்கு. பறவைப் படத்தால் இன்னும் ஒரு பைசா வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் ஏரிக்கு சைக்கிளில் போகிறாளாம். அதற்குச் செலவில்லை.

ஊர் ஏரியே போதுமா?

ஆரம்பத்துக்கு அதுவே போதும், அதுதான் நல்லதும்கூட. ஓக்லாவில் ராதிகா செய்தது அதுதானே. ஒரே இடத்துக்கு ஐம்பது தடவை போனவள், ஐம்பது இடத்துக்கு ஒரு தடவை போனவளை விட அதிகம் கற்றுக்கொள்வாள்.

நம் மாநிலத்தில் ஊர்க்காரர்கள் காப்பாற்றி வைத்த பறவை இடங்கள் நிறைய இருக்கின்றன. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் எல்லோருக்கும் தெரியும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம் என்று அந்த ஊர் விவசாயிகள் எப்போதோ கண்டுகொண்டார்கள், அதனால் வேட்டைக்காரர்களை விடாமல் பல தலைமுறையாகப் பாதுகாத்தார்கள். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் நாரைகள் வீட்டுக்குப் பக்கத்து மரங்களிலேயே கூடு கட்டும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. வெடி கேட்டு அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துவது அந்த ஊர்த் தாய்மார்களின் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு, நவம்பரிலிருந்து பிப்ரவரி, மார்ச் வரைக்கும் இந்த இடங்களில் பறவை அதிகம். வெயில் ஏறுவதற்கு முன், காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் வெளிச்சம் நன்றாக இருக்கும்.

சட்டமும் பாதுகாப்பும்

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை.

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. சரணாலயத்துக்குள் போய்ப் படம் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். சுற்றுலாப் பயணிகளாகச் சீட்டு வாங்கி, அனுமதித்த பாதையில் போவது ஒன்று. தொழிலுக்காக, சினிமாவுக்காக எடுப்பது வேறு, அதற்குத் தனி அனுமதி. சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டுவது குற்றம். குப்பை போடுவதும் குற்றம். இன்னொன்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைத்தாலே, சட்டத்தின் கண்ணுக்கு அது வேட்டையாடுவதில் சேரும். "குஞ்சு நல்லா தெரியணும்னு இலையைக் கிள்ளி விட்டேன்" என்றால் வெயிலும் காக்காயும் குஞ்சை முடித்துவிடும். கூடு இருக்கிற இடத்தை எல்லோருக்கும் போட்டுக் காட்டுவதும் நல்லதில்லை, நாளைக்கே நாற்பது பேர் அங்கே நிற்பார்கள்.

யானை நடமாடுகிற பகுதியில் தனியாக நடந்து போகவே கூடாது, ஆணானாலும் பெண்ணானாலும். செல்போனில் செல்ஃபி எடுக்கப் போய் உயிரை விட்டவர்களைப் பற்றிப் பேப்பரில் படிக்கிறோம். வனக்காவலர் சொல்வதைக் கேட்க வேண்டும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். பெண் என்பதற்காகத் தடுக்காதீர்கள், ஆனால் துணைக்கு ஆள் இல்லாமலும் அனுப்பாதீர்கள். தம்பி, தோழி, அந்த ஊர்க் குழு உறுப்பினர் யாராவது கூட இருக்கட்டும். நம் கூட்டமைப்புக்கு ஒவ்வொரு ஊரிலும் ஆள் இருப்பது இதற்கும் உதவும்.

படம் யாருக்குச் சொந்தம்?

தானாக ஆசைப்பட்டு எடுத்த படத்துக்கு எடுத்தவர்தான் சொந்தக்காரர். 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. எடுத்தவர் வாழ்நாள் முழுக்கவும், அவர் இறந்த பிறகு அறுபது வருஷம் வரைக்கும் அந்த உரிமை இருக்கும். ஆனால் ஒருவர் காசு கொடுத்து "எனக்கு எடுத்துக் கொடு" என்று சொல்லி எடுத்த படம், வேறு ஒப்பந்தம் எழுதாவிட்டால், காசு கொடுத்தவருக்குப் போய்விடும். சம்பளத்துக்கு வேலை பார்க்கிற இடத்தில் வேலையாக எடுத்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குப் போகும். அதனால் யாருக்குப் படம் கொடுத்தாலும் எதற்குப் பயன்படுத்தலாம், எத்தனை காலம், எவ்வளவு தொகை என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். "பேர் போடறோம்மா, அதுவே பெரிய விளம்பரம்" என்று இலவசமாக வாங்கிப் போகிறவர்கள் நிறைய. கடைக்காரரிடம் உங்கள் பேரைச் சொல்லி அரிசி வாங்க முடியுமா? முதல் ஒன்று இரண்டு படத்துக்குச் சரி, அதற்கு மேல் காசு கேட்க வேண்டும்.

கூட்டத்தில் பேசுவதற்கு

இந்த மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வரவு செலவு முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மேலே சொன்ன குழு 30,000 கொடுத்தது சரியா? நீங்களாக இருந்தால் முழுத் தொகையும் கொடுத்திருப்பீர்களா, ஒன்றுமே கொடுத்திருக்க மாட்டீர்களா? மகனுக்கு ஒரு கேள்வி, மகளுக்கு ஒரு கேள்வி என்று உங்கள் குழுவில் கேட்டது உண்டா? பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டாம். தனித் தாளில் எழுதி ஊக்குநரிடம் கொடுத்தால் எனக்கு வந்துவிடும்.

வீட்டில் யாராவது வேலையை விடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தால், அது கேமராவாக இருந்தாலும் சரி, காளான் வளர்ப்பாக இருந்தாலும் சரி, மேலே போட்ட கணக்கை அவர்கள் கையாலேயே போடச் சொல்லுங்கள். பொருளுக்கு எவ்வளவு, ஆறு மாத வீட்டுச் செலவு எவ்வளவு, ஓடி ஆட எவ்வளவு. நீங்கள் போட்டுக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஒரு சின்ன வேலை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் காலையில் உங்கள் ஊர் ஏரிக்கோ குளத்துக்கோ போய், எத்தனை வகைப் பறவை வருகிறது என்று எண்ணி எழுதிக்கொண்டு வாருங்கள். மடையான், மீன்கொத்தி, முக்குளிப்பான், நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை இதெல்லாம் எங்கேயும் இருக்கும். புத்தகப் பெயர் தெரியாவிட்டால் உங்கள் ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களோ அதையே எழுதுங்கள்.